ரெண்டு இழுப்பு

எலுமிச்சம்பழம் அறுக்கத்தானுங்களே தம்பி? அதுக்கென்ன, குடுத்தாப் போச்சு. மேல் வீட்டுக்குக் குடி வந்து முதல் முதலா வந்து கேக்கறீங்க, கத்தி இல்லைன்னா சொல்லுவேன்? சாமான் மூட்டையெல்லாம் இன்னும் பிரிக்கலையாட்ட இருக்குது. பால் பொங்கிருச்சுங்களா? பொங்கிருச்சு. நல்லதுங்க. பழத்தை ரெண்டா அறுத்து, குங்குமம் தடவி, வாசல் நெலவுக்கு ரெண்டு பக்கமும் வெக்கோணும். நல்ல நேரம் ஒம்பதே கால் வரைக்கும் இருக்குது. இப்ப எட்டு அம்பது. உக்காருங்க. அட, உக்காருங்க தம்பி, கத்திங்கறது நின்னுட்டே வாங்கிட்டுப் போற சாமானில்லீங்க.

நீங்க வந்ததே எனக்குத் தெரியலை பாருங்க. அந்தக் கேட்டு முன்னாலெல்லாம் தெறந்தா அடுத்த வீதி வரைக்கும் கேக்கும். இருவது வருசமா கத்திட்டுக் கெடந்துச்சு. நான் ரிட்டேடு ஆன வாரமே அதைக் கழட்டி, கீல் பின்னைத் தேச்சு, கிரீஸ் வெச்சு மாட்டிட்டேன். இப்பத் தெறந்து பாருங்க, மூச்சு விடாது. ஆனா ஒண்ணு, முன்னெல்லாம் நான் வேலை முடிஞ்சு வந்து கேட்டைத் தெறந்தா, செருப்பைக் கழட்டறதுக்குள்ள காப்பி வந்துரும். கேட்டைச் சரி பண்ணுனதுக்கப்பறம் காப்பி லேட்டாயிருச்சு. என்ன காரணமோ. அவளுக்கும் வயசாச்சில்லீங்களா.

சத்தமாவே பேசலாமுங்க. சாரதா உள் ரூம்லதான் இருக்கறா. எம்பட ஊட்டுக்காரி, சாரதாமணி. தூங்கலை, கட்டல்ல உக்காந்து ஜன்னலைப் பாத்துட்டிருப்பா. நாம பேசறது எல்லாம் கேக்கும். கேட்டாக் கேக்கட்டும், அவளுக்குத் தெரியாததை ஒண்ணும் நான் சொல்லப் போறதில்லை. எங்கூடப் பேசி இன்னையோட பதினோரு நாள். சண்டையெல்லாம் ஒண்ணும் கெடையாது தம்பி, அப்படி நெனைச்சுக்காதீங்க. சோறு வெச்சாத் திங்கறா. மாத்திரை குடுத்தாப் போட்டுக்கறா. பேச்சுதான் இல்லை. அவ பழையபடி ஒரு நாள், ஒரே ஒரு நாள், அவ கத்தியை எடுத்து நாலு காய் அரிஞ்சு போட்டுட்டு, "ஏனுங்க, உப்பு டப்பாவை எங்க வெச்சுத் தொலைச்சீங்க"ன்னு கேட்டுட்டான்னா எனக்குப் போதுமுங்க. வேற ஒண்ணும் வேண்டாம். இந்த அறுவத்தாறு வயசுல வேற என்ன இருக்குது எனக்கு.

கத்தி கேட்டு வந்த மனுசன்கிட்ட இதையெல்லாம் ஏன் சொல்றான்னு பாக்கறீங்க. காரணம் இருக்குதுங்க. இந்த ஊட்டுல இப்ப இருக்கறது ஒரே ஒரு கத்தி. மீதி ஏழையும் துணியில சுத்தி அட்டாரி மேல போட்டாச்சு. எம் பொண்ணு கிருத்திகா ஓசூர்ல இருக்கறா, அவ வந்து மெரட்டிப் போட்டுட்டுப் போயிட்டா. ஏழும் அருமையான கத்தி தம்பி! எல்லாத்துக்கும் நானே வயிறு வெச்சது.

சிரிக்கறீங்க. கத்திக்கு ஏது வயிறுன்னுதானே? சொல்றேன். வீதியில சைக்கிள்ல சக்கரம் வெச்சுட்டு வருவாங்களே, அவிய சாணை புடிச்சாக் கத்தி வாய் ஆப்பு மாதிரி இருக்கும். ரெண்டு பக்கமும் நேர்ச் சரிவு. அன்னைக்கு நல்லா அறுக்கும், பத்து நாள்ல மழுங்கிரும். வயிறு வெச்ச வாய்ங்கறது வேற. கத்தியைக் குறுக்கால வெட்டிப் பாத்தீங்கன்னா வெள்ளரி விதையாட்ட இருக்கும். முதுகுல இருந்து வாய்க்கு வர வர ரெண்டு பக்கமும் லேசா உப்பி, அப்பறம் ஒண்ணு சேரும். பொருளுக்குள்ள போறப்ப ஒட்டாது. வாயும் சீக்கிரம் போகாது. நான் போன்ல ஒரு வீடியோ பாத்துத்தான் கத்துக்கிட்டேன். ஆனா கை நம்ம கை. முப்பத்தாறு வருசம் பம்பு கம்பெனி டூல் ரூம்ல கிரைண்டிங். இந்த வெள்ளிங்கிரி கை வெச்ச பீசுன்னா திருப்பிப் பாக்க மாட்டாங்க, அப்படியே கையெழுத்துப் போடுவாங்க. பீத்தறதுக்குச் சொல்லலீங்க.

கம்ப்யூட்டர் மவுசுக்கு அடியில ஒரு ரப்பர் அட்டை வெப்பாங்களே, கிருத்திகா போட்டுட்டுப் போனது ஒண்ணு கெடந்துச்சு. அதுமேல உப்புத்தாளை விரிச்சுக்கோணும். முதல்ல நானூறு நம்பர், அப்பறம் எண்ணூறு, அப்பறம் ரெண்டாயிரம். கத்தியைப் படுக்க வெச்சு, முதுகு முன்னால போக, வாய் பின்னால வர, இழுக்கோணும். தள்ளுனா உப்புத்தாள் கிழிஞ்சு போகும். அழுத்தவும் கூடாது. ரப்பர் அடியில மெத்துமெத்துன்னு குடுக்கறதுனால வாய் தன்னால வளைஞ்சு வயிறு விழுந்துரும். கடைசியா பழைய பெல்ட்டுல பாலீஷ் போடற பச்சை மெழுகைத் தடவி நாலு இழுப்பு. முடிஞ்சுது. கையில மயிரை வழிச்சுப் பாத்தீங்கன்னா... இந்தா, எம்பட இடது கையைப் பாருங்க. மொழுமொழுன்னு. ரெண்டு வருசமா இந்தக் கையில மயிரு மொளைக்க விட்டதில்லை.

எதுக்கு வாயில கைய வெக்கறீங்க? சிரிங்க, பரவால்லை.

ஏழு கத்திக்கும் வெச்சேன். பக்கத்து ஊட்டுக் கத்திக்கெல்லாம் வெச்சேன். ஒரே ஒரு கத்தி மட்டும் மிச்சம். சாரதா கத்தி. தேர் நோம்பிக் கடையில எப்பவோ வாங்குனது, மஞ்சப் பிடி, பிடி ஒடைஞ்சு ஒயர் சுத்தி வெச்சிருப்பா. இருவத்தாறு வருசமா அதுதான் அவளுக்கு. சாணையே கண்டதில்லை. மொன்னைன்னா அப்படி ஒரு மொன்னை. எனக்கு அதைப் பாத்தாலே கை ஊறும். நான் ஒவ்வொரு தடவை கேக்கறப்பவும் சாரதா சொல்லுவா, "இதை மட்டும் உட்டுருங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகுது."

நான் என்ன நெனைச்சேன், எனக்கு எதுக்குச் செரமம்னு சொல்றாளாக்கும்னு நெனைச்சேன். அவ சுபாவம் அப்படி. தனக்குன்னு எதுவும் கேக்க மாட்டா.

ரெண்டு வருசம் இருக்கும், அவளுக்கு மாருல கட்டி. ஆபரேசன் பண்ணி, பதினாறு வாரம் மருந்து ஏத்துனாங்க. மயிரு கொட்டுச்சு, அது வந்துருச்சு. நகம் கறுத்துச்சு, அதும் சரியாயிருச்சு. விரலு மட்டும் மரத்துப் போச்சு. பத்து விரலும். உறை மாட்டுன மாதிரி இருக்குதுங்கறா. டாக்டரம்மா சொன்னாங்க, திரும்புனாலும் திரும்பும், திரும்பாமயும் போகலாம்னு. ஜாக்கெட் ஊக்கு மாட்ட மாட்டா, நான்தான் மாட்டி உடுவேன். பூக் கட்ட முடியலை. சுடுதண்ணியில கைய வெச்சுட்டு நிப்பா, சுடறது தெரியாது. ஆனா காய் அரியறது மட்டும், அந்த மொன்னைக் கத்தியில, பழையபடி அரிவா தம்பி! அவரைக்காயெல்லாம் ஊசி ஊசியா! நான் ஒரு நாள் கேட்டேன், எப்படி அம்மிணி இதை மட்டும் பண்றேன்னு. அதுக்கு என்ன சொன்னாங்கறீங்க? "இந்தக் கத்தி எனக்குச் சொல்லுதுங்க"ங்கறா. "தோல்ல ஒரு தரம் நிக்குது. அப்பறம் அழுத்துனா உள்ள போகுது. அப்பறம் பலகையில முட்டுது. மூணும் தோள்பட்டையில தெரியுதுங்க. விரலு வேண்டியதில்லை."

கத்தி என்னத்தைச் சொல்லும், நானும் சிரிச்சுட்டுப் போயிட்டேன்.

மணி பாத்துக்கங்க, எட்டு அம்பத்தஞ்சு. நேரம் கெடக்குது.

போன ஆவணியில ஒரு வெள்ளிக்கிழமை, ஆஸ்பத்திரியில ஒரு வருசச் செக்கப்பு. அவளுக்கு ஒரு வாரமாத் தூக்கமில்லை. திரும்ப வந்திருந்தா என்ன பண்றதுன்னு பயம். கிருத்திகா வந்து கூட்டிட்டுப் போனா. நீங்களும் வாங்கன்னு சாரதா கூப்புட்டா. அன்னைக்குப் பாத்து சிலிண்டர் வர்ற நாளு. ஊட்டுல ஒரு ஆள் இருக்கோணுமில்லீங்களா? அதும் போக, உண்மையைச் சொல்றேன், அவ இல்லாத நேரமா அந்தக் கத்தியை எடுத்து ஒரு கை பாத்துட்டா, வர்றப்ப சந்தோசப்படுவான்னு மனசுல ஒரு ஆசை. நாலு மணி நேரம் ஆச்சு தம்பி. இருவத்தாறு வருச மொன்னையாச்சே. நூறு நம்பர்ல இருந்து ஆரம்பிச்சேன். வயிறு வெச்சு, மெழுகுல இழுத்து, பிடிக்குப் புது ஒயர் சுத்தி, அடேயப்பா, கண்ணாடியாட்ட மின்னுச்சு. எம்பட ஆயுசுல அப்படி ஒரு வாய் நான் போட்டதில்லை.

மத்தியானம் வந்தாங்க. ஒண்ணுமில்லை, சுத்தமா இருக்குதுன்னு சொல்லிட்டாங்களாம். சாரதா மொகத்தைப் பாக்கோணுமே அன்னைக்கு! கல்யாணத்துல கூட நான் அப்படிப் பாத்ததில்லை. வந்ததும் பையைக் கூட வெக்கலை, "இன்னைக்கு நான்தான் சமைப்பேன், யாரும் அடுப்பாங்கரைக்குள்ள வரப்படாது, அவரைக்காய் பொரியலும் பச்சப்பயிறும்"னா. நான் கண்ணை மூடு அம்மிணின்னேன். மூடுனா. கையை நீட்டுன்னேன். நீட்டுனா. வெச்சேன்.

அதுதானுங்க நான் பண்ணுன தப்பு.

எங்க பக்கத்துல கத்தியைக் கைக்குக் கை குடுக்க மாட்டாங்க. கீழ வெப்பாங்க, வேணுங்கறவிய எடுத்துக்கோணும். கையில குடுத்தா சண்டை வந்துரும்பாங்க. நாப்பது வருசத்துல ஒரு நாளும் நான் அவ கையில கத்தி குடுத்தவனில்லை. அன்னைக்கு சந்தோசத்துல கெரகம், மறந்து போச்சு. கீழ வெச்சிருந்தேன்னா ஒண்ணும் ஆயிருக்காது. எத்தனையோ தடவை ரோசிச்சுப் பாத்துட்டேன். வேற ஒரு தப்பும் எனக்குத் தெரியலை. வாய் சுத்தமான வாய். அதுல குத்தமே சொல்ல முடியாது.

நான் முன்னால ரூம்ல கிருத்திகாகூடப் பேசிட்டிருந்தேன். அடுப்பாங்கரையில இருந்து கூப்படறா, ஒரு பதட்டமும் இல்லாத கொரலு. "ஏனுங்க, இந்த அவரைக்காய்ல என்னங்க செவப்பா?" போய்ப் பாத்தா பலகையெல்லாம் ரத்தம். காயெல்லாம் ரத்தம். இடது ஆள்காட்டி விரல் நுனி நகத்தோட போயிருச்சு. அவ இன்னும் அரிஞ்சுட்டிருக்கறா தம்பி. நிறுத்தலை. எம்பட மொகத்தைப் பாத்துட்டுத்தான் நிறுத்துனா. பலகையைப் பாத்து, கையைப் பாத்து, "இது யாருதுங்க?"ன்னு கேட்டா.

யாருதுன்னு கேக்கறா.

கிருத்திகா அழுதுட்டே துணியைச் சுத்துறா, நான் ஆட்டோ கூப்புட ஓடறேன், சாரதா கத்தியையே பாத்துட்டு நிக்கறா. "எம்பட கத்தியா இது?"ன்னா. ஆமா அம்மிணின்னேன். அவ்வளவுதான், ஒரு வார்த்தை திட்டலை. திட்டியிருந்தா எனக்குத் தேவலாமாட்ட இருந்திருக்கும். மனசே வெந்து போச்சுங்க எனக்கு.

புண்ணு ஆற ரெண்டு மாசம். அதுக்கப்பறம் அவ அடுப்பாங்கரைப் பக்கம் வர்றதில்லை. நான்தான் சமைக்கறேன். என்ன பெரிய சமையலு, ரசமும் அப்பளமும். சரி, கெடுத்தது நாம, சரி பண்ணிக் குடுக்க வேண்டியதும் நாமதானேன்னு கத்தியை மறுபடி எடுத்தேன். மொன்னையாக்கறதுக்கு.

லேசுன்னு நெனைக்கறீங்களா? நானும் அப்படித்தான் நெனைச்சேன். வாசப்படி சிமெண்டுல தேச்சேன். அட்டைப்பெட்டியை அறுத்தேன். மணலைக் குத்துனேன். மொன்னையிலயும் ஒரு அளவு இருக்குது தம்பி. கூர்மைக்கு நம்பர் இருக்குது, நானூறு எண்ணூறுன்னு. மொன்னைக்கு எவன் நம்பர் போட்டு வெச்சிருக்கறான்? ஒரு நோட்டுப் போட்டேன். சிமெண்டுல இத்தனை இழுப்பு, அட்டையில இத்தனை இழுப்புன்னு எழுதி வெச்சேன். தெனமும் காத்தால பதினோரு மணிக்குக் கத்தியும் ஒரு உருளைக்கிழங்கும் கொண்டு போய் அவளுக்கு முன்னால வெப்பேன். வெப்பேன், கையில குடுக்க மாட்டேன். அவ எடுத்து, கெழங்கு மேல வெச்சு, ஒரு அழுத்து அழுத்திப் பாத்துட்டு, கீழ வெச்சுருவா. "இது இல்லீங்க." அவ்வளவுதான். மறுநா மறுபடி. "இது இல்லீங்க." நாலு மாசம்!

கிருத்திகா போன்ல கத்துறா. "அப்பா, அந்தக் கத்தியை உடுங்கப்பா, அம்மாகிட்டப் பேசுங்க"ங்கறா. பேசாம என்னம்மா பண்றேன், தெனமும் கேக்கறேனே, இது சரியா, இது சரியான்னு. அதுக்கு மேல என்ன பேசறது? அவ சின்னப் பொண்ணு, அவளுக்கு என்ன தெரியும்.

தம்பி, இப்ப சொல்றேன் பாருங்க, இதைக் கேளுங்க. பன்னெண்டு நாளைக்கு முன்னால, ஞாயித்துக்கிழமை, அதே பதினோரு மணி. கத்தியை வெச்சேன். எடுத்தா. கெழங்கு மேல வெச்சா. நின்னுச்சு. அழுத்துனா. உள்ள போச்சு. பலகையில டொக்குன்னு முட்டுச்சு. மறுபடி ஒரு துண்டு. மறுபடி ஒண்ணு. அந்தக் கெழங்கு முழுக்க அரிஞ்சுட்டு நிமுந்து பாத்தா. "இதேதானுங்க"ன்னா. கண்ணுல தண்ணி. எனக்கும் தாங்கலை, வெக்கங்கெட்டு அழுதேன் தம்பி. அன்னைக்கு எந்திரிச்சு வந்து அவளே பொரியல் பண்ணுனா. ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து சாப்புட்டோம். உப்பு கம்மி. நான் சொல்லலை. சொல்லுவனா?

சாப்புட்டுட்டு அவ, "இனி இதைத் தொடாதீங்க, சரீங்களா?"ன்னா. சரி அம்மிணின்னேன். கத்தியை நானே கழுவுனேன். தொடைச்சு, டூல் ரூம் லென்ஸ் ஒண்ணு வெச்சிருக்கறேன், சும்மா, நம்பர் எழுதறதுக்காக, அதுல பாத்தேன். வாய் ஓரமா ஒரு பிசிறு. தலைமயிருல பாதி கூட இருக்காது. ஒரு பக்கமா மடிஞ்சு நிக்குது. வேற எவன் கண்ணுக்கும் தெரியாது. ஆனா முப்பத்தாறு வருசம் பிசிறு எடுத்தே கஞ்சி குடிச்சவன் நான். பிசிறோட ஒரு பீசை இந்தக் கை வெளிய உட்டதில்லை. அதும் எம்பட சாரதாவுக்குக் குடுக்கறதுல பிசிறு இருக்கலாமா? அது ஒடைஞ்சு காய்ல கலந்து வயித்துக்குப் போனா? பெல்ட்டுல ஒரு இழுப்பு இந்தப் பக்கம், ஒரு இழுப்பு அந்தப் பக்கம். ரெண்டே ரெண்டு இழுப்புத் தம்பி. சத்தியமா மூணாவது இழுக்கலை.

மறுநா காத்தால கீரை அரிய உக்காந்தா. கத்தியை வெச்சா. வெச்ச ஒடனே கையைப் பின்னால இழுத்துக்கிட்டா. என்னைப் பாத்தா. ஒண்ணும் கேக்கலை. "இது இல்லீங்க"ன்னு கூடச் சொல்லலை. எந்திரிச்சுப் போய் அந்தக் கட்டல்ல உக்காந்தா. அன்னையில இருந்துதான் இப்படி.

கிருத்திகா என்ன சொல்றா தெரியுங்களா, அந்தப் பிசிறுதான் அம்மாவுக்குத் தோல்ல நின்னு சொல்லியிருக்கும்ங்கறா. பிசிறு எப்படிங்க நல்லதாகும்? படிச்ச புள்ள பேசற பேச்சா அது? நோட்டு இருக்குது எங்கிட்ட. இழுப்புக் கணக்கு அத்தனையும் எழுதியிருக்கறேன். அதே மாதிரி மறுபடி தேச்சுட்டுத்தான் இருக்கறேன், தெனமும் பதினோரு மணிக்கு வெக்கறேன். அவ இப்ப எடுத்துப் பாக்கறது கூட இல்லை. கெழங்கு அப்படியே சுருங்கிக் கெடக்குது. எனக்கே சில நேரம் ஓய்ஞ்சு போகுதுங்க. கெடைக்காதோன்னு தோணுது. அந்த மொன்னை இருவத்தாறு வருசமா அவ கைபட்டு வந்தது, நான் நாலு மணி நேரத்துல தேச்சுத் தின்னுட்டேன். எங்க போய்த் தேடுவேன்?

மேல கூப்படறாங்களா? உங்க ஊட்டு அம்மிணிங்களா? இதோ வர்றார் அம்மிணி! ஒம்பது எட்டு. இருக்குது, இருக்குது, இன்னும் ஏழு நிமிசம் இருக்குது. இந்தாங்க, இதுதான் அந்தக் கத்தி, மஞ்சப் பிடி. கையை நீட்டாதீங்க! கீழ வெக்கறேன், எடுத்துக்கங்க. அறுத்துட்டு ஒடனே கொண்டாந்துருங்க, பதினோரு மணிக்கு அவளுக்கு வெக்கோணும்.

இருங்க, இருங்க. எடுக்காதீங்க. எலுமிச்சம்பழத் தோலு வழுக்கும் தம்பி. இந்த வாய்க்கு அது புடி குடுக்காது, பழம் நசுங்கிப் போகும். புதுக் குடித்தனத்துல நசுங்கின பழத்தையா நெலவுல வெப்பீங்க? பெல்ட்டு இங்கதான் மாட்டியிருக்குது. சித்த நேரம்.

என்ன? யாரு பேசுனது? சாரதாவா? சாரதா! தம்பி, கேட்டீங்களா? உங்களுக்குக் கேட்டுச்சுங்களா? பேசிட்டா தம்பி! பதினோரு நாள் கழிச்சுப் பேசிட்டா! என்ன சொன்னா, "அப்படியே குடுங்க"ன்னா? அவ கொரலு தானுங்களே அது? கடவுளே, பேசிட்டா. இதோ வந்துட்டேன் அம்மிணி, இதோ வந்துட்டேன், ஒரே நிமிசம். தம்பிக்கு இதை மட்டும் முடிச்சுக் குடுத்துட்டு வந்தர்றேன். ரெண்டே ரெண்டு இழுப்பு.